இயற்பியல் விதிகளை வைத்துக் கடவுள் வாதங்களைச் சோதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்புச் சொசைட்டி அலுவலக அறையில் ஞாயிறு மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடித் தத்துவம் படிக்கிறோம். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் கொண்டுவரும் கேள்வி ஒன்றுதான். அறிவியல் விதிகள் இவ்வளவு தெரிந்த பிறகும், கடவுள் இருக்கிறார் என்று காட்டும் பழைய வாதங்கள் நிற்குமா? சிலர் நிற்காது என்று முடிவுகட்டிவிட்டு வருவார்கள். சிலர் அசையாது என்று முடிவுகட்டிவிட்டு வருவார்கள். இரு தரப்பும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில். விதியைக் கையில் எடுத்துக்கொண்டு வாதத்தைத் தேடிப் போகிறார்கள். முதலில் வாதத்தைப் பிரித்து மேசையில் வைக்க வேண்டும், விதி அதற்குப் பிறகுதான்.

அந்த வரிசையில் வேலை செய்வது எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன். ஒரு வாதத்துக்கு ஒரு மாலைப் பொழுது ஆகும். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள்.

1. உட்காருவதற்கு முன் தயாராக வேண்டியவை

பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடநூல் ஒன்று வேண்டும். பெரிய நூல்கள் வேண்டாம். விதிகளின் சரியான வாசகமும் நிபந்தனையும் பாடநூலில்தான் சுருக்கமாகக் கிடைக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் 'வாதம்', வலப்பக்கம் 'விதி' என்று தலைப்பு எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களோடு ஒத்துப்போகாத ஒருவர் கூட இருந்தால் மிக நல்லது. தனியாகச் செய்தால் நமக்குப் பிடித்த முடிவுக்கு நாமே வழி வெட்டிக்கொள்வோம்.

இன்னொன்று. 'இந்த வாதம் உடைந்தால் எனக்கு என்ன ஆகும்? உடையாவிட்டால் என்ன ஆகும்?' என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். கோயிலுக்குப் போகிறவரும் போகாதவரும் இதை எழுத வேண்டும். எங்கே நம் கை நடுங்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

2. எந்த வாதம் என்று பெயர் சொல்லுங்கள்

'கடவுள் வாதம்' என்று ஒன்று கிடையாது. குறைந்தது நான்கு வகை இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு தூணில் நிற்கிறது.

மாற்றத்திலிருந்து தொடங்குவது ஒரு வகை: மாறுகிறவை எல்லாம் வேறொன்றால் மாற்றப்படுகின்றன, இந்தத் தொடர் எங்காவது நிற்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், கடவுளை நிறுவும் தன் ஐந்து வழிகளில் முதல் வழியாக வைத்தது இதுதான். தோற்றத்திலிருந்து தொடங்குவது இன்னொன்று: தோன்றியதற்குத் தோற்றுவித்தவர் உண்டு. இஸ்லாமிய அறிஞர் அல் கஸ்ஸாலியின் வாதமும், நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபில் உதயனர் போன்றோர் வைத்த வாதமும், சைவ சித்தாந்தத்தில் மெய்கண்டாரின் சிவஞானபோத முதல் சூத்திரமும் இந்தக் குடும்பம்தான், ஆனால் ஒன்றுபோல் இல்லை. ஒழுங்கிலிருந்து தொடங்குவது மூன்றாவது. 'உலகம் இல்லாமலும் இருந்திருக்கலாமே, ஏன் இருக்கிறது?' என்று கேட்பது நான்காவது. ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் அதைக் கூர்மையாக வைத்தார்.

கிறிஸ்தவத் துறவி ஆன்செல்ம் சொன்ன ஐந்தாவது ஒன்றும் உண்டு. கடவுள் என்ற கருத்தை ஆராய்ந்தே அவர் இருப்பதைக் காட்டப் பார்ப்பது. அது உலகத்தைப் பற்றி எதுவுமே சொல்லாததால் எந்த இயற்பியல் விதியும் அதில் மோத இடமில்லை. இந்த வேலைக்கு அதை ஒதுக்கி வையுங்கள்.

3. பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என்று பிரியுங்கள்

மணிமேகலையில் அறவண அடிகள் சொல்லித்தரும் முறையே இதற்குப் போதும். பக்கம் என்பது நிறுவ வந்த கூற்று. ஏது அதற்கான காரணம். திட்டாந்தம் எடுத்துக்காட்டு. நியாய மரபின் வாதத்தை இடப்பக்கத்தில் இப்படி எழுதலாம். பக்கம்: உலகத்துக்கு அறிவுடைய கர்த்தா உண்டு. ஏது: உலகம் ஒரு காரியம், அதாவது செய்யப்பட்ட பொருள். எடுத்துக்காட்டு: குடம்.

பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதியவர்கள் எடுத்துக்காட்டை அடித்துவிட்டு வாதத்தை அடித்ததாக நினைக்கிறார்கள். அக்குவினாஸ் காலத்து இயற்பியல் தப்பு, அதனால் வாதமும் தப்பு என்பார்கள். எடுத்துக்காட்டு போனால் வேறொன்றை வைக்கலாம். ஏதுவை அந்த எடுத்துக்காட்டு ஒன்றுதான் தாங்கிக்கொண்டிருந்தது என்று காட்டினால்தான் வாதம் விழும்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. காட்டுப் புல் யாரும் செய்யாமலேதானே முளைக்கிறது என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். அந்தப் புல்லும் நாங்கள் நிறுவ வந்த உலகத்துக்குள் அடக்கம், அதைக் கொண்டே எங்களை மறுக்க முடியாது என்று நியாயக்காரர்கள் பதில் சொன்னார்கள். விதிமுறைப்படி அது சரியான பதில். ஆனால் எந்த எதிர்ச்சான்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு கூற்றைச் சோதிக்க வழியே இல்லாமல் போகும். அந்த இடத்தை நோட்டில் வட்டமிட்டு வையுங்கள். ஒழுங்கு வாதத்துக்கு வரும்போது தேவைப்படும்.

4. விதியை நிபந்தனையோடு முழு வாக்கியமாக எழுதுங்கள்

வலப்பக்கத்துக்கு இப்போதுதான் வருகிறோம். 'ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது' என்று நிறுத்தாதீர்கள். 'வெளியோடு தொடர்பில்லாத தனித்த அமைப்பு ஒன்றில் மொத்த ஆற்றல் மாறாது' என்று எழுதுங்கள். 'இயங்கும் பொருள் இயங்கிக்கொண்டே இருக்கும்' போதாது. 'வெளிவிசை செயல்படாத வரை' என்பதைச் சேருங்கள். என்ட்ரோப்பி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, குறையாது என்ற வெப்ப இயக்கவியல் விதி, வெளியோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத அமைப்புக்கு.

எங்கள் அறையில் நடந்த சண்டைகளில் பாதிக்குமேல் இந்த நிபந்தனையை விட்டதால் வந்தவை. 'ஒழுங்கு தானாக வராது என்று வெப்ப இயக்கவியல் சொல்கிறது, அதனால் உயிர்கள் தானாக வந்திருக்க முடியாது' என்று ஒருவர் மாதக்கணக்கில் சொல்லிவந்தார். பூமி வெயில் வாங்கிக்கொண்டு வெப்பத்தை வெளியே விடும் அமைப்பு. அந்த விதியின் நிபந்தனை இங்கே பொருந்தவே இல்லை. எழுதிப் பார்த்த அன்றே அவர் அதைக் கைவிட்டார்.

5. மோதும் இடத்தைத் தேடுங்கள்

முக்கியமான படி இதுதான், நேரம் எடுத்துச் செய்யுங்கள். இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொண்டு, விதி எந்தக் கூற்றை மறுக்கிறது என்று கோடு இழுத்துக் காட்ட வேண்டும். கோடு இழுக்க முடியாவிட்டால் மோதல் இல்லை.

*நிலைமமும் மாற்ற வாதமும்*

ஹார்பர் லைனில் குர்லா தாண்டி வண்டி ஒரே வேகத்தில் ஓடும்போது கம்பியைப் பிடிக்காமலே நிற்கலாம். திலக் நகரில் பிரேக் போட்டால் எல்லோரும் முன்னால் சாய்கிறோம். வேகம் அப்படியே நீடிக்க எதுவும் தள்ள வேண்டியதில்லை, வேகம் மாறத்தான் விசை வேண்டும். 1687இல் நியூட்டன் வைத்த முதல் விதி இது.

இப்போது கோடு இழுப்போம். 'நகர்வது எதுவும் வேறொன்றால் நகர்த்தப்படுகிறது' என்பதை இடப்பெயர்ச்சி என்ற பொருளில் எடுத்தால் நேரடி மோதல். எறிந்த கல்லைக் காற்று தள்ளிக்கொண்டே போகிறது என்ற அரிஸ்டாட்டில் விளக்கம் மீளமுடியாமல் உடைந்துவிட்டது.

ஆனால் அக்குவினாஸ் பேசியது இடப்பெயர்ச்சியை மட்டும் இல்லை. குளிர்ந்த விறகு சூடாவது, காய் கனிவது, இப்படி எந்த மாற்றமும் அவருக்கு அடக்கம். கனியக்கூடிய நிலை கனிந்த நிலையாக மாற, ஏற்கெனவே செயலில் இருக்கும் ஏதோ ஒன்று வேண்டும் என்பதே ஏது. நியூட்டனிடமும் மாற்றத்துக்கு விசை வேண்டும் என்பதால், இங்கே கோடு எளிதில் விழாது.

நம்பிக்கையாளர்கள் பலர் இங்கே நிம்மதியாக எழுந்து போய்விடுகிறார்கள். உட்காருங்கள், வேலை முடியவில்லை. நியூட்டனின் மூன்றாம் விதியை எழுதுங்கள். பூமி நிலவை இழுக்கிறது, நிலவும் அதே அளவு பூமியை இழுக்கிறது. மாற்றுகிறவர், மாறுகிறவர் என்ற ஒருவழித் தொடர் இங்கே தெளிவாக இல்லை. கை கோலைத் தள்ள, கோல் கல்லைத் தள்ளுகிறது என்ற புகழ்பெற்ற எடுத்துக்காட்டில் மூன்றும் ஒரே கணத்தில் நடப்பதாகச் சொல்வார்கள். உண்மையில் கோலின் ஒரு முனையில் கொடுத்த தள்ளல், மரத்துக்குள் ஒலி போகும் வேகத்தில்தான் மறுமுனைக்குப் போய்ச் சேரும். ஒரே கணம் என்பது போய்விட்டது. இருப்பும் வேகத்தைப் போலவே எதுவும் தாங்காமல் தானே நீடிக்கலாமே என்றும் இன்றைய தத்துவ அறிஞர்கள் கேட்கிறார்கள். கல்லையும் கோலையும் துணைக்குக் கூப்பிடாமல் ஏதுவை நிறுவிக் காட்டும் பொறுப்பு இப்போது வாதிடுகிறவர் தலையில் விழுகிறது. நிலைமத்தால் வாதம் சாகவில்லை, அதன் செலவு கூடிவிட்டது என்பது என் கணிப்பு.

*ஆற்றல் அழிவின்மையும் தோற்ற வாதமும்*

எங்கள் அறையில் இந்தக் கேள்வியைப் புரட்டிப்போட்டவர் ஒரு கல்லூரி மாணவி. அணுசக்தித் துறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், ஆற்றல் என்றைக்கும் இருப்பதால் படைப்பவர் தேவையில்லை என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கேட்டாள்: "அங்கிள், எந்தப் படைப்பைச் சொல்றீங்க? ஒண்ணுமே இல்லாததிலிருந்து வந்த படைப்பையா? எங்க பாட்டி படிக்கிற சித்தாந்தத்தில அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதே."

அவள் சொன்னது சரி. சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரின் கட்டு) மூன்றுமே தொடக்கம் இல்லாதவை. உலகம் மாயை என்ற மூலப்பொருளிலிருந்து தோன்றி அதிலேயே ஒடுங்குகிறது. இல்லாதது தோன்றாது என்பது அந்த நெறியின் கோட்பாடு. சற்காரியவாதம் என்பார்கள். நியாயத்திலும் அணுக்கள் என்றும் உள்ளவை. இந்த வாதங்கள் கேட்பது மண் எங்கிருந்து வந்தது என்று இல்லை, மண் எப்படிக் குடமாயிற்று என்று.

தாராவியில் கும்பார்வாடாவுக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள், வகுப்பைவிடத் தெளிவாகப் புரியும். மண் முதற்காரணம் (குடம் எதனால் ஆனதோ அது), சக்கரமும் தண்டமும் துணைக்காரணம், சக்கரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர் நிமித்த காரணம். மண்ணின் அளவு மாறுவதில்லை என்று நிரூபித்தால் குயவர் இல்லை என்று ஆகிவிடாது. ஆற்றல் அழிவின்மை விதி இந்த வாதத்தோடு மோதவே இல்லை, ஒத்துப்போகிறது என்றுகூடச் சொல்லலாம்.

இன்மையிலிருந்து படைப்பு என்று சொல்லும் கிறிஸ்தவ, இஸ்லாமிய வாதத்துக்கு வாருங்கள். அங்கேயும் நேர்மோதல் இல்லை. விதி சொல்வது ஓர் அமைப்புக்குள் காலப்போக்கில் நடப்பதைப் பற்றி. அமைப்பு ஏன் இருக்கிறது என்பதை அது பேசவில்லை. 1918இல் கணித அறிஞர் எம்மி நோத்தர் வெளியிட்ட தேற்றம் இதை இன்னும் துல்லியமாக்குகிறது: இயற்கை விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றாக இருக்கும் சமச்சீர்மையிலிருந்து ஆற்றல் அழிவின்மை பிறக்கிறது. விரிந்துகொண்டிருக்கும் பிரபஞ்சம் முழுவதற்கும் அப்படிப்பட்ட சமச்சீர்மை கிடையாது. பிரபஞ்சத்தின் ஆரம்ப காலத்திலிருந்து வரும் விண்வெளி நுண்ணலைப் பின்னணி ஒளியின் அலைநீளம் கிட்டத்தட்ட 1,100 மடங்கு நீண்டு, அதன் ஒவ்வொரு ஒளித்துகளும் அந்த அளவுக்கு ஆற்றல் குறைந்திருக்கிறது. பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றல் மாறாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல இயற்பியலே அனுமதிப்பதில்லை.

சித்தாந்தத்துக்கு வேறு இடத்தில் சோதனை இருக்கிறது. அவன், அவள், அது என்று சுட்டப்படும் பொருள்கள் தோன்றி, நின்று, ஒடுங்குவதால் உலகமும் அப்படியே என்று முதல் சூத்திரத்தை விளக்குவார்கள். பகுதிகள் தோன்றி மறைவதால் முழுமையும் தோன்றி மறையும் என்று சொல்லலாமா? கோடு இழுக்க வேண்டிய இடம் அதுதான். அங்கே பேசுவது பிரபஞ்சவியல்.

*பெருவெடிப்பு*

இதில் இரு தரப்பும் அவசரப்படுகிறார்கள். சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் மிகச் சூடாக, மிக அடர்த்தியாக இருந்தது என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. அதற்கு முன்னால் போகப் போகப் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் கைவிடும் ஓர் எல்லை வருகிறது, அந்த எல்லைக்கு அப்பால் சோதிக்கப்பட்ட கோட்பாடு இல்லை. ஆகவே 'தொடக்கம் நிரூபணமானது' என்றும் எழுதக்கூடாது, 'தொடக்கம் இல்லை' என்றும் எழுதக்கூடாது. இந்தக் கருத்தை முன்வைத்தவர்களில் ஒருவரான ழார்ஜ் லெமெத்தர் கத்தோலிக்கப் பாதிரியார். அவரே அதைச் சமயத்துக்குச் சான்றாகப் பயன்படுத்துவதை விரும்பவில்லை.

அக்குவினாஸ் வாதத்துக்கு இது தேவையும் இல்லை. உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதைத் தர்க்கத்தால் நிறுவ முடியாது என்று அவரே எழுதியிருக்கிறார்.

*குவாண்டமும் காரணமும்*

கோபால்ட்-60 கட்டி ஒன்றில் பாதி அணுக்கருக்கள் சுமார் 5.27 ஆண்டில் சிதையும். எந்தக் கரு, எந்த நொடியில் என்று அணு அளவில் நடப்பதை விளக்கும் குவாண்டம் கோட்பாடு சொல்லாது, வாய்ப்பு மட்டும் சொல்லும். இதைக் கேட்டதும் 'காரணம் இல்லாமலே நடக்கிறது, எல்லாவற்றுக்கும் முதலான காரணம் ஒன்று உண்டு என்ற வாதம் போச்சு' என்று முடித்துவிடுவார்கள்.

'காரணம்' என்ற சொல்லை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். முன்னிலைமை தெரிந்தால் விளைவு ஒன்றுதான் என்று கட்டாயப்படுத்துவது ஒன்று. அது இல்லாமல் விளைவு வரவே முடியாது என்பது இன்னொன்று. கதிரியக்கம் முதலாவதை உலுக்குகிறது. இரண்டாவதைத் தொடவில்லை, ஏனென்றால் கரு என்று ஒன்று இருந்தால்தான் அது சிதைய முடியும். முதலாவதுகூட உறுதியாக விழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இயற்பியலாளர் டேவிட் போம் 1952இல் வைத்த விளக்கம் எல்லாம் முன்தீர்மானமானவை என்று வைத்தே குவாண்டம் கோட்பாட்டின் கணிப்புகளைத் தருகிறது. குவாண்டம் வெற்றிடத்தையும் 'இன்மை' என்று எழுதிவிடாதீர்கள். அதில் புலங்கள் உண்டு, விதிகள் உண்டு.

இங்கே அடி வாங்குவது எதிர்பாராத ஆள்: லைப்னிட்ஸ். 'ஏன் இப்படி, ஏன் வேறு மாதிரி இல்லை?' என்பதற்கு எதிலும் முழுக் காரணம் உண்டு என்ற அவருடைய கடுமையான கொள்கையைக் கோபால்ட் கட்டி நேராகவே கேள்வி கேட்கிறது.

*ஒழுங்கு வாதம்*

உயிர்களின் கண்ணும் சிறகும் திட்டமிட்டவரைக் காட்டுகின்றன என்று 1802இல் ஆங்கிலேயப் பாதிரியார் வில்லியம் பேலி எழுதினார். 1859இல் டார்வின், திட்டமிடாமலே அந்தப் பொருத்தம் சேர்ந்துவர ஒரு வழிமுறையைக் காட்டினார். இங்கே கோடு ஏதுவின் நடுவில் விழுகிறது. 'இப்படிப்பட்ட பொருத்தம் அறிவால் மட்டுமே வரும்' என்பதுதான் பேலியின் ஏது, அது பொய்யென்று ஆகிவிட்டது. படி 3இல் வட்டமிட்ட புல்லை இப்போது பாருங்கள். அன்று உள்ளே இழுத்துக்கொள்ள முடிந்த எதிர்ச்சான்றுக்கு இன்று தனி விளக்கமே கையில் இருக்கிறது.

இயற்கை மாறிலிகளின், அதாவது ஈர்ப்பின் வலிமை போன்ற மாறாத எண்களின், துல்லியத்தைக் காட்டும் புதிய வடிவத்துக்கு டார்வின் பதில் ஆகமாட்டார், அங்கே தேர்வு நடக்க இனப்பெருக்கம் இல்லை. ஆனால் அங்கே 'வாய்ப்பு மிகமிகக் குறைவு' என்று சொல்கிறவரிடம், எந்த வரம்புக்குள் எந்த மதிப்பும் வந்திருக்கலாம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டே ஆக வேண்டும்.

6. விதி என்பது என்ன என்று கேளுங்கள்

இந்தப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஈர்ப்பு விதி இருப்பதால் பிரபஞ்சம் தன்னைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்று ஸ்டீஃபன் ஹாக்கிங் 2010இல் எழுதினார். அவர் சொன்னதாலேயே வாதம் முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

விதி நடப்பதை விவரிக்கும் வாக்கியம் மட்டும்தான் என்றால், அது எதையும் உண்டாக்காது. வாய்பாடு கடையில் காசு கொடுக்காது. உலகத்தை ஆளும் உண்மையான ஏதோ ஒன்று விதி என்றால், ஒன்றும் இல்லாத நிலையிலும் விதி மட்டும் இருந்தது என்று ஆகிறது. அப்படியானால் அது இன்மை இல்லை. ஏன் இந்த விதி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நான்காவது வகை வாதம் விதிகளையும் சேர்த்துத்தான் கேட்கிறது, அதனால் எந்த விதியைக் காட்டியும் அதை வாயடைக்க முடியாது.

நம்பிக்கை இல்லாதவருக்கு இங்கே நேர்மையான ஒரு பதில் உண்டு: கேள்வி எங்காவது நிற்கத்தான் வேண்டும், நீங்கள் கடவுளில் நிறுத்துகிறீர்கள், நான் விதியில் நிறுத்துகிறேன். இது தத்துவப் பதில், இயற்பியல் இல்லை. அப்படியே நோட்டில் குறியுங்கள்.

7. தீர்ப்பை எழுதுங்கள்

நாங்கள் மூன்று சொற்கள் வைத்திருக்கிறோம்: உடைந்தது, திருத்தம் தேவை, தொடவில்லை. எந்தக் கூற்று என்று குறிப்பிட்டே எழுத வேண்டும், முழு வாதத்துக்கும் மொத்தமாக எழுதக்கூடாது. என் நோட்டில் பேலியின் ஏதுவுக்கு 'உடைந்தது'. மாற்ற வாதத்தின் ஏதுவுக்கும் லைப்னிட்ஸின் கடுமையான கொள்கைக்கும் 'திருத்தம் தேவை'. குடத்தை வைத்த தோற்ற வாதத்துக்கு ஆற்றல் விதி பொறுத்தவரை 'தொடவில்லை', அதன் ஒழுங்குப் பகுதிக்கு 'திருத்தம் தேவை'.

'தொடவில்லை' என்பதை 'நிரூபணமானது' என்று படிப்பதுதான் இந்த இடத்தில் வரும் பெரிய தவறு. வாதங்களுக்கு எதிரி விஞ்ஞானம் மட்டும் இல்லை. வேதச் சடங்குகளை முதன்மையாக வைத்த மீமாம்சகரும் பௌத்தரும் சமணரும் எந்த நவீன விதியும் இல்லாமலே கர்த்தா வாதத்தை மறுத்தார்கள். குடத்துக்குக் குயவர் உடம்போடு இருக்கிறாரே, உங்கள் கர்த்தாவுக்கு உடம்பு உண்டா என்று கேட்டார்கள். ஐரோப்பியத் தத்துவ அறிஞர்களான ஹியூமும் காண்ட்டும் வேறு வழியில் மறுத்தார்கள். இந்த மறுப்புகளுக்கு நோட்டில் இன்னொரு பக்கம் ஒதுக்குங்கள், இயற்பியலோடு கலக்காதீர்கள்.

இன்னொரு இடைவெளியையும் குறித்துவையுங்கள். எல்லாவற்றுக்கும் முதலான காரணம் ஒன்று உண்டு என்று ஒப்புக்கொண்டாலும், அது அன்புடையது, பிரார்த்தனையைக் கேட்பது என்பதற்குத் தனி வாதம் வேண்டும்.

முதல் மாலைக்கு ஒழுங்கு வாதத்தை எடுங்கள், கோடு தெளிவாக விழுவதால் முறை கைவரும். அப்புறம் தோற்ற வாதம், அதன் பிறகு மாற்ற வாதம். லைப்னிட்ஸைக் கடைசியில் வையுங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் படி 1இல் எழுதிய இரண்டு வரியைத் திறந்து, தீர்ப்போடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டும் அச்சாக ஒத்துப்போனால் படி 5ஐ மறுபடி செய்யுங்கள், இம்முறை எதிர்த்தரப்பில் உட்கார்ந்து.